வீடு வேண்டாம் என்ற ஹுஸ்னியா

கிண்ணியாவில் ஆண் பிள்ளைக்கு வீடு கிடையாது. தாயின் வீட்டில் பிறக்கிறான், மனைவியின் வீட்டில் சாகிறான். நடுவில் கிடைக்கிற காலத்தில் சகோதரிகளுக்கு வீடு கட்டுகிறான். மகளுக்குக் கலியாணம் பேச வேண்டுமானால் அவளுடைய பெயரில் ஒரு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். கடைசி மகளுக்குத் தாயின் வீடே போகும். தாயும் தகப்பனும் பின்வளவில் சமைக்க ஒரு குசினியும் படுக்க ஓர் அறையுமாக ஒதுங்கிக்கொள்வார்கள். இப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, எந்த வேதமும் இல்லை. ஆனாலும் மூதூரிலும், வெருகல் வரையுள்ள தமிழ் ஊர்கள் பலவற்றிலும் இதுதான் நடக்கிறது.

கலாநிதி ஹுஸ்னியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பிக்கிறார். அவருடைய இருபது வருட உழைப்பு முழுவதும் இந்த ஒரு வழக்கத்தைச் சுற்றியே ஓடியது. முதலில் அதை எதிர்த்து எழுதிப் பெயர் வாங்கினார். அந்தப் பெயருக்கு விலை கொடுத்தது அவரல்ல, அவருடைய தங்கை.

கிண்ணியாப் பாலம் கட்டப்படாத காலத்தில் பிறந்தவர் அவர். அக்கரைக்குப் போவதென்றால் ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏற வேண்டும். வாப்பா அந்தத் துறையடியில் விறகு வியாபாரம் செய்தார். மூத்தவன் றிஷாத், அடுத்தவள் ஹுஸ்னியா, வெகுநாள் கழித்துப் பிறந்தவள் நப்லா. ஹுஸ்னியா உயர்தரம் படித்தபோது பொருளியல் ஆசிரியர் வாங்குவோரின் கேள்விக்கும் விற்போரின் நிரம்பலுக்கும் கோடு போட்டுக் காட்டினார். “சேர், கலியாணத்துக்குக் குடுக்கிற வீடு இதில எந்தக் கோட்டில வரும்?” என்று ஹுஸ்னியா கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. “அதுக்கு நீதான் கோடு போட வேணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

பரீட்சையில் நல்ல புள்ளிகள் வந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தது. அதே வருடம் றிஷாத் கட்டாருக்குப் போனான். அவனுக்கும் படிப்பு ஓடியிருக்கும். யாரும் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் மூத்த ஆணின் தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். ஹுஸ்னியா நூலகத்தில் உட்கார்ந்து உழைப்பின் பெறுமதி பற்றிப் படித்த நாட்களில் அவன் வெயிலில் கம்பி கட்டினான். அவன் அனுப்பிய காசில், கடலிலிருந்து தள்ளியிருந்த ஒரு காணியில், ஹுஸ்னியாவுக்கான வீடு எழும்பியது.

அவர் அதைப் பார்த்துப் பூரித்துப் போகவில்லை. கோபம்தான் வந்தது. ஒருவனுடைய இளமையை அரைத்துச் சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்குள் என்னை வைத்து விற்பதா? முதுமாணிப் பட்டத்துக்கு அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஆண்களைத் தேடிப்போய்க் கேட்டார். எத்தனை வருடம் அங்கே இருந்தீர்கள், எத்தனை சகோதரிகள், எந்த வயதில் உங்களுக்குக் கலியாணம் ஆனது. அவர்கள் மனம் திறந்து சொன்னார்கள். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்காத கேள்வி அது. அந்த ஆய்விலிருந்து ஒரு பகுதியைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழுக்கு எழுதிக் கொடுத்தார். ‘மானமுள்ள பெண் வீட்டைக் கேட்க மாட்டாள்’ என்ற அந்தக் கட்டுரையை ஊரே வாசித்தது. பள்ளிவாசல் பேச்சுகளில் மேற்கோள் காட்டினார்கள். வளைகுடாவில் தொழிலாளர் அறைகளில் அதைப் பிரதி எடுத்து ஒட்டினார்கள்.

எழுதியதோடு நிற்கவில்லை. திருகோணமலை நகரத்துக் கணித ஆசிரியர் இஹ்ஸானைக் கலியாணம் பேசியபோது, சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அலுவலகத்தில் வீட்டு உறுதியில் கையெழுத்துப் போட மறுத்தார்.

வாப்பாவுக்கு விளங்கவில்லை. “அப்ப இந்த வீடு யாருக்குப் புள்ள?”

“கட்டினவருக்கு.”

“ஆம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு வீடு?” என்று வாப்பா உண்மையான குழப்பத்தோடு கேட்டார். நொத்தாரிசும் பேனையை மூடிவைத்துவிட்டு அதே கேள்வியோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உறுதி றிஷாத்தின் பெயரிலேயே முடிந்தது. இஹ்ஸான் சந்தோசமாகச் சம்மதித்தார். இருவரும் நகரத்தில் வாடகைக்கு இருந்து, பிறகு வங்கிக் கடனில் இருவர் பெயரிலும் ஒரு வீடு வாங்கினார்கள். இரண்டு சம்பளம் வருகிறவர்களுக்கு அது முடிந்தது.

கலியாணம் நடந்த அந்த வருடக் கடைசியில் கடல் வந்து, கரையோரம் இருந்த உம்மாவின் வீட்டைக் கொண்டுபோனது. வழக்கப்படி நப்லாவுக்குப் போயிருக்க வேண்டிய வீடு அது. வாப்பாவும் உம்மாவும் நப்லாவும் றிஷாத்தின் புதுவீட்டில் குடியேறினார்கள். றிஷாத் வெளிநாட்டிலிருந்து வந்து, அப்ராவைக் கலியாணம் செய்து, ஊர் வழக்கப்படி அப்ராவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தன் பெயரில் ஒரு வீடு இருக்கிற ஆண் என்று அந்தத் தெருவில் அவரைக் காட்டி அதிசயமாகப் பேசினார்கள்.

ஹுஸ்னியா நெதர்லாந்தில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பினார். சுனாமி வீட்டுத் திட்டங்களில் பெண்களின் வீடுகளுக்குப் பதிலாகக் கொடுத்த வீடுகளை ஆண்களின் பெயரில் எழுதிய கதையை ஆராய்ந்தார். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம் இருந்ததாம், அங்கே ஆணின் பெயரைப் போட்டார்களாம். அவ்வளவுதான் காரணம். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வளவு ஒரு எழுதுவினைஞரின் பேனையால் கைமாறியது. இதை எழுதிய அறிக்கையைப் பார்த்து, பதவி உயர்வு நேர்முகத்தில் ஒருவர் கேட்டார், “இது பொருளியலா, சமூகவியலா?” சொத்து யாருடைய கையில் இருக்கிறது என்பது பொருளியல் இல்லையென்றால் வேறெது என்று ஹுஸ்னியா திருப்பிக் கேட்டார். அந்த முறை பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஆனாலும் தன் பழைய கட்டுரையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வீடு ஏன் தேவை என்று ஒரு கையால் எழுதிக்கொண்டே, வீட்டைக் கேட்காதே என்று முன்பு மறு கையால் எழுதியது அப்படியே நிற்பதை அவர் கவனிக்கவில்லை. படித்தவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பதுதான்.

நப்லாவின் கலியாணம் அந்தக் கட்டுரையின் நிழலில் நடந்தது. மாப்பிள்ளை இன்ஷாப் மூதூரைச் சேர்ந்தவன். “படிச்ச தாத்தா எழுதினத நாங்க மதிக்கிறம். வீடு வேணாம்” என்று, மூத்த சகோதரியைத் ‘தாத்தா’ என்று அழைக்கும் ஊர் வழக்கில், மாப்பிள்ளையின் மாமா பெருமையோடு சொன்னார். இன்னொரு வீடு கட்ட வேண்டியிருந்த றிஷாத்துக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கலியாண மண்டபத்தில் மௌலவி அந்தக் கட்டுரையின் நான்கு வரிகளை வாசித்தார். ஹுஸ்னியாவுக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குப் பதிலாக ‘மாப்பிள்ளைக்குத் தொழிலுக்கு ஒரு அன்பளிப்பு’ என்று ஓர் ஓட்டோ வாங்கிக் கொடுத்திருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நப்லாவும் இன்ஷாப்பும் மூதூரில் ஒரு பாதி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள்.

வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி வீடு வெறுமையான பின் றிஷாத் தன் வீட்டை ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார்.

கொரோனா அடங்கிய காலத்தில் இன்ஷாப் போய்விட்டான். பொலன்னறுவைப் பக்கம் வேறொரு பெண்ணோடு இருக்கிறான் என்று செய்தி வந்தது. நப்லாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காழி நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்கு மாதத் தாபரிப்புப் பணம் எழுதினார்கள். ஒரு மாதம் வந்தால் இரண்டு மாதம் வராது. நப்லா முன்பள்ளியில் படிப்பித்தாள். அந்தச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்துச் சாப்பிடவும் ஏலாது. போன வருடம் வீட்டுச் சொந்தக்காரர் தன் மகளுக்குக் கலியாணம் என்று சொல்லி, நோன்புப் பெருநாள் கழிந்ததும் வீட்டை விடச் சொன்னார். அவருடைய மகளுக்கும் வீடு வேண்டுமே.

ஹுஸ்னியா மூதூருக்குப் போய்த் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்தார்.

“உங்கட வீட்டுக்கா?” என்றாள் நப்லா. “மச்சான் நல்லவர்தான். ஒண்டும் சொல்லமாட்டார். அவர் ஒண்டும் சொல்லாம இருக்கிறதப் பார்த்துக்கொண்டு நான் எத்தின வருசம் இருக்கிற? புள்ளைகள் அங்க ஓடிச்சத்தம் போட்டா நான் வாயப் பொத்தணும்.”

“அப்பிடி ஒண்டும் இல்ல நப்லா.”

“தாத்தா, நான் உங்களக் குத்தம் சொல்லல்ல. ஒண்டு மட்டும் சொல்றன், எழுதி வைங்க. பக்கத்து வீட்டு மைமூனாட புருசனும் போனவன்தான். போகக்குள்ள என்னத்தக் கொண்டு போனான்? உடுத்த ரெண்டு சாரம். அவள் அதே வீட்டில, அதே கதிரையில இருந்து டீவி பாக்கிறாள். என்ர மனுசன் ஓட்டோவ ஓட்டிக்கொண்டு போயிட்டான். வீட்ட ஓட்டிக்கொண்டு போக ஏலுமா?”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அசையும் சொத்துக்கும் அசையாச் சொத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வருடா வருடம் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவர் அவர்.

தன் முதுமாணி ஆய்வை எடுத்து வாசித்தார். கேள்வி கேட்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். வீடு கட்டியவர்களிடம் கட்டிய வலியைக் கேட்டு எழுதியிருந்தார். அந்த வலி உண்மை, எழுதியது எதுவும் பொய்யல்ல. வீட்டில் இருக்கிறவர்களிடம் இருந்து என்ன கிடைத்தது என்று ஒரு வரிகூடக் கேட்டிருக்கவில்லை.

அந்த நேரம் அவருடைய பிரிவில் கிண்ணியா, மூதூர், இறக்கக்கண்டி வீடுகளில் ஒரு கணக்கெடுப்பு தொடங்க இருந்தது. கேள்விக்கொத்தில் அவர் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்தார். புருசன் பெண்சாதிக்குள் பெரிய சண்டை வந்தால் வீட்டை விட்டு வெளியே போவது யார்?

உடன் வேலை செய்த விரிவுரையாளர் தவராசா பாலையூற்றில் இருந்து வருகிறவர். கேள்வியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை என்ர வீட்டுப் பக்கம் கொண்டு வந்திடாதேங்கோ. நானும் மனுசியின்ர வீட்டிலதான் இருக்கிறன்.”

“அப்ப சண்டை வந்தால் நீங்கள்தான் போறதோ?”

“ஓம். சந்தி வரைக்கும் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறனான். அவவுக்கு எங்க போக இருக்கு? அவ வீட்டில அவ இருக்கிறா.” கண்ணாடியைத் திரும்பப் போட்டபடி சொன்னார், “நல்ல கேள்விதான். ஆனால் வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரன் இதுக்குப் பேர் என்ன எண்டு கேப்பான்.”

“பேர் பிறகு வைப்பம்.”

பதில்கள் வந்தன. வீடு தங்கள் பெயரில் இருந்த பெண்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்கள். ‘அவர்தான் போவார். உம்மாட வீட்டுக்குப் போவார். பசிச்சா வருவார்.’ வீடு தங்களுடையதாக இல்லாத பெண்கள் பலர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழும்பிப்போய்க் குசினியில் ஏதோ செய்தார்கள். அந்த எழும்பிப் போவதைப் படிவத்தில் எந்த இலக்கத்தால் குறிப்பது என்று கேட்டு, கணக்கெடுக்கப் போன மாணவர்கள் தொலைபேசி எடுத்தார்கள்.

இந்த நிலையில்தான் கிண்ணியாவிலிருந்து அழைப்பு வந்தது. ஊரிலுள்ள சில பெரியவர்கள் கூடித் திருமணச் சீர்திருத்தக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். இனிமேல் கிண்ணியாவில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில்லை என்று தீர்மானம் எடுக்கப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சிறப்புரை ஆற்ற, கட்டுரை எழுதிய கலாநிதியே வர வேண்டும். குழுவின் செயலாளர் றிஷாத். அழைப்பை அவரே தொலைபேசியில் சொன்னார்.

“இப்ப உள்ள பொடியனுகளுக்கு உன்ர கட்டுரைய வாசிக்கக் குடுத்திருக்கிறம். நீ வந்து அதையே சொன்னாப் போதும். புதுசா ஒண்டும் தேவையில்ல.”

“காக்கா, நப்லாட விசயம்?” என்று அண்ணனிடம் கேட்டார் ஹுஸ்னியா.

“அத ஆறுதலாக் கதைப்பம்.”

ஆறுதலாகக் கதைப்பதற்குள் பெருநாள் வந்துவிடும். ஹுஸ்னியா கூட்டத்துக்குப் போனார்.

மண்டபத்தில் ஆண்கள் முன்னால் இருந்தார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால். மேசையில் தீர்மானத்தின் வரைபு இருந்தது. நோக்கம் நல்லது, மொழியும் நல்லது, கீழே கையெழுத்துப் போட இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஹுஸ்னியா ஒலிவாங்கியைப் பிடித்து, வந்தவர்களுக்கு ஸலாம் சொன்னார்.

“முதல்ல ஒரு சின்னக் கணக்கெடுப்பு. இன்டைக்குக் காலையில தன்ர சொந்த வீட்டில இருந்து இஞ்ச வந்த ஆம்பிளைகள் கைய உயர்த்துங்க.”

யாரும் உயர்த்தவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் ஓர் இளைஞன் கையைத் தூக்கினான்.

“டேய், அது உன்ர உம்மாட வீடு” என்றது ஒரு குரல். மண்டபம் சிரித்தது. திரைக்குப் பின்னால் அதைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

“அப்ப சரி” என்றார் ஹுஸ்னியா. “நாம எல்லாரும் பொம்புளைகளிட வீட்டில படுத்தெழும்பி வந்து, இனி அவங்களுக்கு வீடு இல்ல எண்டு தீர்மானம் எடுக்கப் போறம். ஒரு நிமிசம் யோசிப்பம்.”

பிறகு அவர் நிதானமாகப் பேசினார். மாப்பிள்ளை வாங்குகிற கைக்கூலிப் பணத்தை ஒழியுங்கள். நகையை, வாகனத்தை, ‘அன்பளிப்பு’ என்று பெயர் மாற்றி வாங்குகிற எல்லாவற்றையும் ஒழியுங்கள். தம்பிமாரையும் காக்காமாரையும் பாலைவனத்துக்கு அனுப்பி வீடு கட்டுவதை ஒழியுங்கள். தாய் தகப்பனுக்கு இருக்கிறதைப் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாக, உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். ஆனால் பெண்ணின் கையில் இன்று இருக்கிற ஒரே சொத்தைப் பிடுங்கிவிட்டு அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைக்காதீர்கள். “என்ர பழைய கட்டுரைய வாசிக்கிற பொடியனுகளுக்குச் சொல்லுங்க, அதில பாதிதான் சரி. நான் ஆம்பிளைகளிட்ட மட்டும் கேட்டு எழுதினனான்.”

தலைவர் நன்றி சொன்னார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

றிஷாத் கார்க் கதவை அடித்துச் சாத்தினார். பகல் சாப்பாடு அவர் வீட்டில் என்று முன்பே பேசியிருந்ததால் மட்டுமே கூட்டிக்கொண்டு போனார். அப்ரா கதவைத் திறந்து, இருவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் சோற்றை எடுத்து வைத்தார். கணவாய்க் கறி, பொரித்த பாரை, முருங்கையிலைச் சுண்டல். றிஷாத் சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பித்தார்.

“எல்லாற்ற முன்னாலயும் என்ன நல்லா வெட்கப்படுத்தின.”

“உங்களச் சொல்லல்ல காக்கா. நான் என்னத்தான் சொன்னனான்.”

“உன்ர கட்டுரை வந்த கிழமை எங்கட கேம்புல ஒருத்தன் அத வாசிச்சுக் காட்டினான். பத்துப் பேர் இருந்த அறை. ஒருத்தனும் மூச்சு விடல்ல. நான் போய்க் குளிக்கிற இடத்தில நின்டு அழுதனான். எனக்காக ஒருத்தி எழுதியிருக்கிறாள், அவள் என்ர தங்கச்சி எண்டு. இப்ப வந்து பாதிதான் சரியாம்.”

றிஷாத் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. “உங்களுக்கு நடந்தது அநியாயம்தான்” என்றார் ஹுஸ்னியா. “அத நான் இன்டைக்கும் எழுதுவன். ஆனா அத உங்களுக்குச் செஞ்சது நப்லா இல்ல. அவளும் புள்ளைகளும் பெருநாளைக்குப் பிறகு எங்க போறது?”

“உன்ர வீட்டுக்கு வரட்டும். நீ கலாநிதி, அவர் ஆசிரியர். என்னட்ட இருக்கிறது அந்த வாடகை மட்டும்தான். என்ர முதுகுக்கு மருந்து எடுக்கிறதும் அதில. உனக்குக் கட்டின வீட்ட நீயே வேணாம் எண்டு சொன்ன. கட்டினவனுக்குத்தான் வீடு எண்டும் சொன்ன. நொத்தாரிசிட்ட நீ சொன்னது எனக்கு இன்னும் காதில கிடக்கு.”

சொன்னதுதான். மறுக்க முடியாது. ஹுஸ்னியா தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கினார்.

அப்ரா மீன் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் உட்காருவது வழக்கமில்லை.

“நான் ஒண்டு கேக்கிறன்” என்றார் புருசனைப் பார்த்து. “இந்த வீட்ட யார் கட்டின?”

“உன்ர காக்கா.”

“அவர் எங்க கிடந்து கட்டின?”

“சவூதியில. அதுக்கு இப்ப என்ன?”

“அவருக்கும் முதுகுதான் போன. நீங்க கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த அன்டைக்கு, ஒரு ஆம்பிளட ரெத்தத்தில கட்டின வீட்டில நான் இருக்கமாட்டன் எண்டு சொன்னீங்களா?”

றிஷாத் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

“சொல்லல்ல. கட்டில் சின்னது எண்டு சொன்னீங்க.”

ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு முட்டியது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“இப்ப கேளுங்க” என்றார் அப்ரா, குரலை உயர்த்தாமல். “நப்லாவும் புள்ளைகளும் வாற வெள்ளிக்கிழமை இஞ்ச வாறாங்க. முன்னறை அவங்களுக்கு. நான் அவளோட கதைச்சிட்டன். உங்கட அந்த வீட்டில வாடகைக்காரன் எழும்பி, அவள் அங்க போற வரைக்கும் இஞ்சதான் இருப்பாள். மூண்டு மாசமோ மூண்டு வருசமோ.”

“யாரக் கேட்டுச் செஞ்ச?”

“யாரக் கேக்கணும்?” என்றார் அப்ரா. அதில் குத்தல் இல்லை. கேட்க வேண்டிய ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்பது போலத்தான் கேட்டார். பிறகு ஹுஸ்னியாவின் பக்கம் திரும்பினார். “மீன் எடுங்க. ஆறிப்போச்சு.”

றிஷாத் கை கழுவப் போனார். ஹுஸ்னியா தன் வேலைக்காலம் முழுவதும் அட்டவணைகளில் தேடிய ஒன்று கண் முன்னால் நடந்து முடிந்திருந்தது. அப்ரா படித்தது பத்தாம் வகுப்பு வரை. அவருக்கு வேறு வருமானம் இல்லை. தர்க்கத்தில் றிஷாத்தும் சரி அப்ராவும் சரி ஹுஸ்னியாவைவிடப் பலவீனமானவர்கள் அல்ல. ஆனால் அப்ரா சொன்னது தர்க்கத்தால் மட்டும் நிற்கவில்லை. அது நின்றது அவருடைய கதிரை நின்ற தரையில், அவருடைய சொந்தத் தரையில்.

வெள்ளிக்கிழமை நப்லா வந்தாள். முன்னறையில் இருந்த றிஷாத்தின் காகிதக் கோவைகளும் குழுவின் பதாகையும் பின் விறாந்தைக்குப் போயின. இரண்டு சிறுமிகளும் முதல் நாள் சத்தமில்லாமல் இருந்தார்கள். இரண்டாம் நாள் இல்லை. றிஷாத் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நப்லாவின் சின்ன மகள் அவருடைய கண்ணாடியை ஒளித்து வைத்து விளையாடத் தொடங்கிய பிறகு, முகத்தை அப்படி வைத்திருப்பதும் அவருக்குச் சிரமமாகிவிட்டது.

ஹுஸ்னியா ஒரு ஞாயிற்றுக்கிழமை இஹ்ஸானோடு வந்தார். தம்பலகாமத்தில் வாப்பாவின் வயலில் தனக்கு வந்த பங்கை றிஷாத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். “இது தர்மம் இல்ல காக்கா. நீங்க எனக்காகக் கட்டின வீடு. நான் வேணாம் எண்டு சொல்லிப்போட்டு, உங்கட வருசங்களுக்கு ஒண்டும் தராமப் போயிட்டன். வீட்ட நப்லாட பேருக்கு எழுதுங்க.”

“அந்த வீட்டில றோட்டுப் பக்கம் இருக்கிற கடை அறை எனக்கு” என்றார் றிஷாத். “அதின்ட வாடகை எனக்கு வரணும். உறுதியில போடணும்.”

ஹுஸ்னியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய கணக்கில் அது நியாயமில்லை, முழு வீடும் நப்லாவுக்குப் போக வேண்டும். நப்லா அவருடைய கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“போதும் தாத்தா. அவருக்கும் ஒரு அறை இருக்கட்டும். உறுதி எழுதட்டும்.”

இந்த வருடத் தொடக்கத்தில் காப்புறுதி அலுவலகம் வீட்டைக் காலி செய்தது; உறுதி எழுதி, நப்லா பிள்ளைகளோடு அங்கே குடிபோனாள். பழைய குசினிச் சுவரில் கரி இன்னும் இருந்தது, உம்மா சமைத்த கரி. நப்லா அதற்கு மேல் வெள்ளை அடித்தாள். ஹுஸ்னியா தன் ஆய்வைத் திருத்தி ஒரு நீண்ட கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். இந்த முறை நேர்முகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்திருந்தது. தங்கையின் கதையை ஓர் உதாரணமாகச் சேர்க்கலாமா என்று கேட்டார்.

“சேர்க்காதீங்க” என்றாள் நப்லா.

“பேர் போடமாட்டன்.”

“பேர் போடாட்டியும் எனக்குத் தெரியும்தானே. போன தரம் எழுதினதக் கலியாண மண்டபத்தில வாசிச்சவங்க. இந்தத் தரம் எங்க வாசிப்பாங்களோ. என்ன விடுங்க.”

ஹுஸ்னியா அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்.

பங்குனி மாதத்தில் ஒரு பின்நேரம் இன்ஷாப்பின் மாமா வந்தார், கலியாணத்தில் வீடு வேண்டாம் என்று சொன்ன அதே ஆள். ஹுஸ்னியாவும் அங்கே இருந்தார். பொலன்னறுவைப் பக்கத்து விவகாரம் முடிந்துவிட்டது, இன்ஷாப் மனம் மாறிவிட்டான், பிள்ளைகளை நினைத்து உருகுகிறான் என்று மாமா முற்றத்தில் நின்றபடியே சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு, கடை அறை வரை போய் வந்தது.

“புள்ளைகளுக்கு ஒரு வாப்பா வேணும்தானே. அவன் இஞ்சயே வந்து இருக்கத் தயார். நீ ஓம் எண்டு சொன்னா நாளைக்கே கூட்டி வாறன்.”

ஹுஸ்னியாவுக்குச் சொல்ல நூறு வார்த்தைகள் இருந்தன. இது தன்னுடைய முற்றம் அல்ல என்பதால் பேசாமல் இருந்தார்.

நப்லா உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, விறாந்தைப் படிக்கு வெளியே, வேப்பமர நிழலில் வைத்தாள்.

“இரிங்க மாமா. வெயில்ல வந்திருக்கிறீங்க. தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்.”

“அப்ப அவனுக்கு என்ன சொல்ல?”

“நான் யோசிக்கணும் எண்டு சொல்லுங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியா” என்றாள் நப்லா. “எனக்கு அவசரம் ஒண்டும் இல்ல.”

தேத்தண்ணி ஊற்ற அவள் குசினிக்குப் போனாள். மாமா கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார்.